பெருநாடி வளைவருகே அடைப்பு: கழுத்து டாப்ளரை எந்த அளவுக்கு நம்பலாம்?

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலிருந்து தலைக்கும் கைகளுக்கும் கிளம்பும் குழாய்களில் அடைப்பு உண்டா என்று பார்க்க, ஒலியலையால் ரத்த ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எழுதித் தருகிறார்கள். இந்தச் சோதனையின் தரத்தைப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடைப்பு உட்கார்ந்திருக்கும் இடம் பல நேரங்களில் திரையில் தெரியவே தெரியாது. மார்பெலும்பு, காறை எலும்பு, நுரையீரல் உச்சியில் இருக்கும் காற்று மூன்றும் சேர்ந்து ஒலியலையை மறித்துவிடும். ஆனாலும் சோதனை பலன் தருகிறது. மடை அடைபட்டிருப்பதைக் கடைமடைத் தண்ணீர் சொல்லிவிடுவதுபோல, கழுத்திலும் கையிலும் ஓடும் ரத்தத்தின் போக்கே தொடக்கத்தில் உள்ள கோளாறைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் போக்கைப் படிக்கத் தெரிந்தவர் செய்தால் இது அருமையான சோதனை. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் கரோடிட் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தை மட்டும் நாலு படம் எடுத்துவிட்டு 'நார்மல்' என்று கையெழுத்துப் போடும் இடத்தில் செய்தால், வளைவருகே உள்ள அடைப்பைப் பொறுத்தவரை செய்ததும் செய்யாததும் ஒன்றுதான்.

வழக்கமான அமைப்பில் வளைவிலிருந்து மூன்று குழாய்கள் பிரிகின்றன. முதலில் இன்னாமினேட், அது வலது சப்கிளேவியன், வலது பொதுக் கரோடிட் என இரண்டாகும். அடுத்து இடது பொதுக் கரோடிட். கடைசியில் இடது சப்கிளேவியன். சப்கிளேவியன் கைக்குப் போகிறது; போகிற வழியில் வெர்டிப்ரல் என்ற கிளையை மூளையின் பின்பகுதிக்கு அனுப்புகிறது. கொழுப்புப் படிவால் வரும் அடைப்பு வலது சப்கிளேவியனைவிட இடதில்தான் மிக அதிகம். ஸ்கேனில் நேராகப் பார்க்க மிகக் கடினமான தொடக்கமும் அந்த இடதுதான் என்பது இந்தச் சோதனையின் துரதிர்ஷ்டம். வலது சப்கிளேவியனின் தொடக்கம் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கிடைக்கும். இன்னாமினேட் ஓரளவு கிடைக்கும். இடது பொதுக் கரோடிட்டின் தொடக்கம் ஆளைப் பொறுத்தது: கழுத்து நீளமாக, ஒல்லியாக இருந்தால் சரி, குட்டையாகப் பருத்திருந்தால் சந்தேகம்தான்.

ப்ரோப்தான் பாதி வேலை

மெஷின் எவ்வளவு புதிது என்பதைவிட அதோடு எந்தெந்த ப்ரோப் (உடலில் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் முனை) இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கழுத்துக்குத் தட்டையான லீனியர் ப்ரோப் போதும். ஆனால் காறை எலும்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அதன் அகலமான முகம் உதவாது. எலும்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே வேண்டியது முகம் சிறிதான மைக்ரோகான்வெக்ஸ், அல்லது இதய எக்கோவுக்குப் பயன்படுத்தும் ஃபேஸ்டு அர்ரே. மார்பெலும்புக்கு மேலே உள்ள குழியில் அதை வைத்து, கீழ்நோக்கியும் சற்றுப் பின்னோக்கியும் சாய்த்தால் வளைவும் அதிலிருந்து கிளம்பும் குழாய்களின் வேரும் கிடைக்கும். லீனியர் ப்ரோப் ஒன்றை மட்டும் வைத்து முழுச் சோதனையையும் முடிக்கும் இடங்களில் வளைவுப் பகுதி தானாகவே விட்டுப்போகிறது.

ஆழத்தில் உள்ள வளைவைப் பார்க்க ஒலியின் அலைவரிசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆழம் மட்டும் காரணம் இல்லை. 6 செ.மீ. ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்பச் சுமார் 78 மைக்ரோ வினாடி ஆகும். அதனால் வினாடிக்குச் சுமார் 12,800 ஒலித் துடிப்புகளுக்கு மேல் அனுப்ப முடியாது. குழாய் நேராக ப்ரோப்பை நோக்கி வரும்போது, 5 மெகாஹெர்ட்ஸில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தைத் தாண்டினாலே அலைவடிவம் (வேகத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரையும் கோடு) மடிந்து எதிர்ப்பக்கம் விழுந்துவிடும். 3 மெகாஹெர்ட்ஸில் 1.6 மீட்டர் வரை தாங்கும். சுருங்கிய இடத்தில் ரத்தம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்வது சாதாரணம். எனவே அலைவரிசையைக் குறைத்து, அடிக்கோட்டை (வேகம் சுழியம் என்ற கோட்டை) ஓரத்துக்குத் தள்ளி, அதுவும் போதாவிட்டால் எக்கோ ப்ரோப்பில் இடைவிடாமல் ஒலி அனுப்பும் தொடர் அலை டாப்ளருக்கு மாற வேண்டும். இதைச் செய்யாமல் மடிந்த அலைவடிவத்தின் உச்சியை அளந்து எழுதிய ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கு மதிப்பே இல்லை.

கோணமும் அப்படித்தான். ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையே 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 60 டிகிரி இருக்கும் இடத்தில் 65 என்று திரையில் கோணக் கோடு வைத்தால் வேகம் 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதே 5 டிகிரித் தவறு 30 டிகிரியில் நடந்தால் பிழை 6 சதவீதத்துக்குள் அடங்கும். சப்கிளேவியன் வளைந்து செல்லும் குழாய் என்பதால், வளைவின் நடுவில் கோடு வைப்பது எப்போதும் யூகம்தான். மார்பெலும்புக் குழியிலிருந்து பார்த்தால் ஓட்டம் கிட்டத்தட்ட நேராக வரும். கோணப் பிழை கிட்டத்தட்ட மறைந்துவிடும். அந்த ஜன்னலைச் சிலர் ஏன் பயன்படுத்துவதே இல்லை என்பது புரியாத விஷயம்.

கைக்கு அடக்கமான பாக்கெட் ஸ்கேனர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பலவற்றில் ஓட்டத்தின் திசையை நிறத்தால் காட்டும் கலர் டாப்ளர் மட்டும் உண்டு, அலைவடிவம் எழுதும் ஸ்பெக்ட்ரல் டாப்ளர் கிடையாது. இந்த வேலைக்கு அவை ஆகாது.

முதல் படி ஸ்கேன் அல்ல, பி.பி. கஃப்

படுக்க வைத்ததும் ஜெல் தடவுவதற்கு முன் இரண்டு கையிலும் பி.பி. பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் மிக மலிவான பகுதி இது; மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுவே. மேல் அளவில் இரு கைகளுக்கும் 10 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். 15 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்பட வேண்டும். 20 தாண்டினால் குறைந்த பக்கத்துச் சப்கிளேவியனை விடாமல் துருவ வேண்டும். ஒரு கையில் எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசிவிட்டு மறு கையில் எடுத்தால் வரும் வித்தியாசம் பதற்றத்தால் வந்ததா அடைப்பால் வந்ததா என்று தெரியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் வரிசையை மாற்றி இன்னொரு முறை எடுக்க வேண்டும். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மூன்று முறையாவது எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். எட்டு மெகாஹெர்ட்ஸ் பேனா டாப்ளர் ஒன்று கையில் இருந்தால், நாடி மெலிந்த கையிலும் அளவு துல்லியமாகக் கிடைக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. இரண்டு சப்கிளேவியனும் சேர்ந்தே சுருங்கியிருந்தால் வித்தியாசமே வராது. இரண்டு கையும் '110' காட்டும். உண்மையில் பெருநாடியில் 160 ஓடிக்கொண்டிருக்கும். கால் அளவையும் பார்த்தால்தான் இது வெளிப்படும். டாகயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சி நோயில், அதிலும் இளம்பெண்களிடம், இந்த நிலை வரக்கூடும். அங்கே கரோடிட் சுவர் சுற்றிலும் சமமாக, நீளவாக்கில் தடித்திருக்கும். கொழுப்புப் படிவு அப்படி இருக்காது; ஒரு பக்கமாக, திட்டுத்திட்டாக, சுண்ணாம்பு ஏறி இருக்கும். சுவரைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடிவது டாப்ளர் ஸ்கேனின் உண்மையான பலங்களில் ஒன்று.

வெர்டிப்ரல் சொல்லும் சேதி

சோதனையின் மையம் இதுதான். சப்கிளேவியன் தொடக்கத்தில் அடைபட்டால், கைக்குத் தேவையான ரத்தம் எதிர்ப்பக்க வெர்டிப்ரல் வழியாக மேலே ஏறி, மூளையின் அடியில் பேசிலார் குழாய் தொடங்கும் இடத்தில் திரும்பி, இந்தப் பக்க வெர்டிப்ரல் வழியாகக் கீழே இறங்கிக் கைக்குப் போகும். இதற்குச் சப்கிளேவியன் ஸ்டீல் (steal, அதாவது 'திருட்டு') என்று 1961ல் பெயர் வைத்தார்கள்.

திருப்பம் ஒரே நாளில் வராது. படிப்படியாக வரும், ஒவ்வொரு படியும் அலைவடிவத்தில் பதியும். முதலில் இதயம் சுருங்கும் நேரத்து உச்சியின் நடுவில் ஒரு பள்ளம் விழும். ஓட்டம் இன்னும் மூளையை நோக்கித்தான் இருக்கும். பள்ளம் ஆழமாகி அடிக்கோட்டைத் தொடும். பிறகு அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும்: சுருங்கும்போது கைக்கும், விரியும்போது மூளைக்குமாக ரத்தம் போய்வந்து கொண்டிருக்கும். கடைசியில் முழு ஓட்டமும் தலைகீழ். முதல் படியிலேயே பிடிப்பவர்தான் நல்ல சோனோகிராஃபர். அந்தச் சின்னப் பள்ளத்தை 'ஆள் அசைந்திருப்பார்' என்று தள்ளிவிடுவது மிக எளிது.

சந்தேகமான பள்ளத்தை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. அந்தக் கையில் கஃப்பைக் கட்டி, மேல் அளவைவிட 20 முதல் 30 மி.மீ. அதிகமாக ஏற்றி, 3 முதல் 5 நிமிடம் வைத்திருந்து, வெர்டிப்ரலில் ப்ரோப்பை அசைக்காமல் பிடித்துக்கொண்டு சட்டென்று காற்றை இறக்க வேண்டும். பட்டினி கிடந்த கை ரத்தத்தை இழுக்கும். மறைந்திருந்த ஸ்டீல் சில வினாடிகளுக்கு வெளிப்படும்: பள்ளம் ஆழமாகும், இருவழி ஓட்டம் முழுத் திருப்பமாகும். மெதுவாகக் காற்றை இறக்கினால் இழுப்பு குறைந்து சோதனை வீணாகும். காற்றை இறக்கிய பிறகு ப்ரோப்பைத் தேடி வைத்தால் அந்த வினாடிகள் போயே போய்விடும். கையைக் கட்டும்போது வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் இதைச் செய்யவே கூடாது.

வெர்டிப்ரலைக் கழுத்து முள்ளெலும்புகளின் பக்க முனைகளுக்கு இடையே பிடிப்பது சுலபம்: கரோடிட்டைப் பிடித்துவிட்டு ப்ரோப்பைச் சற்று வெளிப்பக்கமாகச் சாய்த்தால் எலும்பு நிழல்களுக்கு நடுவே விட்டுவிட்டுத் தெரியும். அதன் நிறம் கரோடிட்டின் நிறமாகவே இருக்க வேண்டும். மாறியிருந்தால் இரண்டு சாத்தியம்: ஓட்டம் திரும்பியிருக்கிறது, அல்லது பக்கத்திலுள்ள வெர்டிப்ரல் சிரையைப் பிடித்திருக்கிறார்கள். நிறத்தை மட்டும் பார்த்து 'சிரை' என்று கடந்துபோனால் முழு ஸ்டீலும் தப்பிவிடும். அலைவடிவத்தை எழுதிப் பார்த்தால் துடிப்பு சொல்லிவிடும். மெஷினில் நிறத்தைத் தலைகீழாக்கும் பொத்தான் முந்தைய நோயாளிக்கு அழுத்தியபடியே கிடக்கிறதா என்பதையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம்.

வெர்டிப்ரல் சரியாக இருக்கிறது, ஆகவே சப்கிளேவியனும் சரி என்று முடிவுகட்ட முடியாது. சுமார் 5 சதவீதம் பேருக்கு இடது வெர்டிப்ரல் சப்கிளேவியனில் கிளைக்காமல் நேராகப் பெருநாடி வளைவிலிருந்தே வரும். அவர்களுக்குச் சப்கிளேவியன் முழுதாக அடைபட்டாலும் வெர்டிப்ரல் மேலே பார்த்துத்தான் ஓடும். வெர்டிப்ரல் பிரிந்த பிறகு அடைப்பு இருந்தாலும் இதே கதை. அதனால் சப்கிளேவியனையும் நேரடியாகக் காறை எலும்புக்கு மேலும் கீழும் வைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும் கையில் ஓட்டம் மூன்று கட்டமாக, கூர்மையாக எழுந்து அடிக்கோட்டுக்குக் கீழ் இறங்கி மீண்டும் லேசாக மேலெழும். தொடக்கத்தில் அடைப்பு இருந்தால் சோம்பலாக எழுந்து, ஒற்றை மேடாக மழுங்கிப்போகும். எழுச்சியைத்தான் பார்க்க வேண்டும். வெறுமனே 'ஒற்றைக் கட்டம்' என்பது போதாது. உடற்பயிற்சி செய்த கையிலும் ஃபிஸ்டுலா உள்ள கையிலும் ஒற்றைக் கட்டமாகவே ஓடும், ஆனால் எழுச்சி செங்குத்தாக இருக்கும்.

எண்கள், அவற்றின் எல்லை

ரிப்போர்ட்டில் குழப்பம் அதிகம் வரும் இடம் இது. ரத்தத்தின் உச்ச வேகத்துக்குச் சொல்லப்படும் 125, 230 செ.மீ./வினாடி என்ற எல்லைகள் 2003ல் வெளியான ஒருமித்த கருத்தறிக்கையிலிருந்து வந்தவை: 125க்கு மேல் 50 சதவீதச் சுருக்கம், 230க்கு மேல் 70. அவை உள் கரோடிட்டுக்கு (பொதுக் கரோடிட் பிரிந்தபின் மூளைக்குப் போகும் கிளைக்கு) மட்டுமே வகுக்கப்பட்டவை. அதே எண்களைச் சப்கிளேவியனுக்கோ பொதுக் கரோடிட்டின் வேருக்கோ போட்டு 'சுருக்கம் 60 சதவீதம்' என்று எழுதுவது தவறு. ஆரோக்கியமான சப்கிளேவியனிலேயே 120, 150 ஓடலாம். சில ஆய்வகங்கள் சப்கிளேவியனில் 240ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்று எடுத்துக்கொள்கின்றன. வேறு சில இன்னும் உயர்ந்த எண் கேட்கின்றன. எல்லோரும் ஏற்ற எல்லை இல்லாததால், வேகத்தோடு சுருக்கத்துக்குப் பின்னால் உள்ள கொந்தளிப்பு, கையின் அலைவடிவம், பி.பி. வித்தியாசம் ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதும் ரிப்போர்ட்டே நம்பத்தக்கது.

பொதுக் கரோடிட்டின் வேரில் அடைப்பு இருந்தால் உள் கரோடிட்டின் கணக்கும் கெட்டுப்போகும். வரத்தே குறைந்ததால், உள் கரோடிட்டில் உண்மையான சுருக்கம் இருந்தும் வேகம் 125ஐத் தாண்டாமல் போகலாம். மறுபக்கம், பொதுக் கரோடிட்டின் வேகம் தாழ்ந்திருப்பதால் உள்-பொது விகிதம் வீணாக உயர்ந்து பயமுறுத்தலாம். இரு பக்கப் பொதுக் கரோடிட் வேகங்களையும் ஒப்பிட்டு, வினாடிக்கு 20 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த பக்கத்து வேரைத் தேடிப் போவது நல்ல பழக்கம்.

எந்தக் குழாய்கள் மழுங்கியிருக்கின்றன என்பதே அடைப்பின் முகவரி. இடது கரோடிட் மட்டும் மழுங்கினால் அதன் வேர். வலது கரோடிட், வலது கை, வலது வெர்டிப்ரல் சேர்ந்து கெட்டால் இன்னாமினேட். எல்லாமே இரண்டு பக்கமும் மழுங்கினால் குழாயை விட்டுவிட்டு இதயத்தைப் பார்க்க வேண்டும்: அயோர்ட்டிக் வால்வு சுருக்கமாகவோ பம்ப் பலவீனமாகவோ இருக்கலாம். ஒரு விதிவிலக்கு: சிலருக்கு இடது கரோடிட் இன்னாமினேட்டோடு சேர்ந்தே கிளம்பும், இது அரிதல்ல. அவர்களுக்கு அந்தப் பொது வேர் அடைந்தால் இரண்டு கரோடிட்டும் மழுங்கி இதயக் கோளாறு போலத் தோன்றும். இடது கை மட்டும் துல்லியமாகத் துடித்துக்கொண்டிருப்பதே அங்கே துப்பு.

இன்னொரு மாயம்: சப்கிளேவியனுக்குக் கீழே நுரையீரல் உறை கண்ணாடியாக வேலை செய்து, குழாயின் பிம்பத்தை ஆழத்தில் இன்னொரு முறை காட்டும். அதில் நிறமும் ஓடும், அலைவடிவமும் வரும். 'கூடுதல் குழாய்' என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகள் உண்டு. ப்ரோப்பின் கோணத்தை மாற்றினால் பிம்பம் மறையும்.

சி.டி. ஆஞ்சியோவோடு ஒப்பிட்டால்

அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம், எவ்வளவு சுண்ணாம்பு என்பதில் சி.டி. ஆஞ்சியோவை டாப்ளர் நெருங்க முடியாது. ஸ்டென்ட் வைப்பதற்கு முன் சி.டி. கட்டாயம். ஆனால் சி.டி. நிறைந்த குழாயைக் காட்டுமே தவிர, ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லாது. ஸ்டீலைத் திரையிலேயே பார்ப்பது டாப்ளரில்தான். கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் எடுக்கும் ஒருவகை எம்.ஆர். ஆஞ்சியோவிலும் ஒரு சிக்கல்: மேலிருந்து கீழே வரும் ரத்தத்தைச் சிரை என்று கருதி மெஷின் அழித்துவிடும். திரும்பி ஓடும் வெர்டிப்ரல் 'அடைந்துவிட்டது' என்று ரிப்போர்ட் வரலாம். டாப்ளரில் ஓட்டம் தலைகீழ், எம்.ஆரில் அடைப்பு என்று வந்தால் டாப்ளரைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

பெருநாடி வளைவின் உட்சுவரில் உள்ள படிவு வேறு விஷயம். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த படிவு பக்கவாதத்தோடு தொடர்புடையது. அதைக் கழுத்து ஸ்கேன் நம்பகமாகப் பார்க்காது. உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோ பார்க்கும்; அதற்கும் மூச்சுக்குழாய்க் காற்றின் மறைவில் ஏறுபெருநாடியின் மேல்பகுதியும் வளைவின் தொடக்கமும் கொஞ்சம் தப்பும்.

கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லை, வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. முழுமையாகச் செய்தால் 30 முதல் 45 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் முடிந்தால் வெர்டிப்ரலும் பி.பி.யும் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டில் இரு கை அளவு, இரு வெர்டிப்ரலின் திசை, சப்கிளேவியன் அலைவடிவம், 'தொடக்கம் தெரிந்தது' அல்லது 'தெரியவில்லை' என்ற நேர்மையான வரி, இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் அது குறையல்ல. ஒன்றுமே எழுதாமல் விட்டதுதான் குறை.

கையை உயர்த்தி வேலை செய்தால் சோர்வு, தலைச்சுற்றல், ஒரு கையில் நாடி மெலிவு, இரு கை பி.பி. வித்தியாசம் இவற்றில் எதுவானாலும் முதல் சோதனையாக இதை எடுப்பது சரி. இதய பைபாஸுக்கு முன்பும் எடுக்க வேண்டும். மார்பின் உட்புறத்தில் இறங்கும் மாமரி குழாய் சப்கிளேவியனின் கிளை. இடது சப்கிளேவியன் சுருங்கியிருப்பது தெரியாமல் மாமரி குழாயை இதயத்தோடு இணைத்தால், பின்னாளில் கை வேலை செய்யும்போது இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கைக்குத் திரும்பும். அறிகுறி எதுவும் இல்லாமல் தற்செயலாகத் தெரியவரும் ஸ்டீலுக்குப் பெரும்பாலும் அறுவையோ ஸ்டென்டோ தேவைப்படாது. மாத்திரை, புகையை விடுவது, இனிமேல் பி.பி.யை அளவு அதிகமுள்ள கையிலேயே பார்ப்பது என்று போகும்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு: வைத்த சில வாரங்களுக்குள் ஒரு டாப்ளர் எடுத்து அன்றைய வேகத்தையும் இரு கை அளவையும் பதிந்து வைக்க வேண்டும். ஸ்டென்ட் போட்ட குழாய் விறைப்பாக இருப்பதால் அதில் வேகம் இயல்பாகவே சற்றுக் கூடும். அந்த முதல் அளவு இல்லாவிட்டால், பின்னால் வரும் 200ஐ மறுபடியும் சுருங்குகிறது என்று படிப்பதா, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானா என்று யாராலும் சொல்ல முடியாது.